அண்ணி எடுத்துப்போட்ட பேட்டரி

தட்டான் என்றால் அந்த ட்ரோன் பந்தய மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் இரண்டு கட்டைவிரலை அசைத்தால் போதும், ட்ரோன் வளையத்துக்குள் நுழைந்து, குட்டிக்கரணம் அடித்து, வந்த வழியே திரும்பும். வயது இருபத்திரண்டு. பொறுமை மட்டும் இரண்டு வயதுக்குரியது.

அண்ணி அவளுக்கு நேர்மாறு. போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவள். ஒரு பேட்டரியை நீட்டினால் பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்குவாள். போட்டிக்குப் போட்டி தட்டானின் பேட்டரிகளைத் தூக்கிவருவதும் சார்ஜ் போடுவதும் அவள் பொறுப்பு. "ரெண்டு பேரும் முழுசா வீடு வந்து சேருங்க" என்பதோடு அண்ணன்காரன் ஒதுங்கிக்கொள்வான்.

அன்றைய இறுதிச் சுற்றில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களுக்குத்தான் பெரிய போட்டிக்குப் போகிற அணியில் இடம். அதற்காக மூன்று வருடமாகத் தவம் கிடந்தாள் தட்டான்.

அரையிறுதியில் ஜெயித்தும் விட்டாள். ஜெயித்த கையோடு சும்மா இறக்கியிருக்கலாம். கூட்டம் கைதட்டியதும் ஒரு கரணம் அடித்துக் காட்டப்போய், இரும்புக் கம்பத்தில் மோதித் தொப்பென்று விழுந்தது ட்ரோன். உடைந்த இறக்கையை ஒரு நிமிடத்தில் மாற்றிவிட்டாள். பேட்டரியின் மூலையில் நகம் பதிந்த மாதிரி ஒரு நசுங்கல், அவ்வளவுதான். அவளிடம் இருந்ததிலேயே புதியது, வேகமானது அந்தப் பேட்டரிதான். இறுதிச் சுற்றுக்கோ நாற்பது நிமிடம்தான் இருந்தது. அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம். சூடு ஆறக்கூட விடாமல் சார்ஜரில் மாட்டினாள். கரண்ட்டையும் இரண்டு மடங்காக ஏற்றிவிட்டாள்.

பாட்டிலோடு திரும்பிய அண்ணி மேஜைக்கு இரண்டடி முன்னாலேயே நின்றாள்.

"இது எப்போ கீழ விழுந்துச்சு?"

"விழல அண்ணி. லேசா உட்கார்ந்துச்சு."

"உட்கார்ந்ததுக்கா இறக்கை ஒடஞ்சுது?"

முதலில் சார்ஜ் ஏறுவதை நிறுத்தினாள். பேட்டரிக்குப் பக்கத்தில் புறங்கையை நீட்டிப் பார்த்தாள். சார்ஜர் திரையில் பேட்டரிக்குள் இருக்கும் நான்கு செல்லில் மூன்று ஒரே அளவு காட்டின. ஒன்றின் அளவு மட்டும் இறங்கிக் கிடந்தது. அடுத்த நொடி ஒயரைக் கழற்றி, நீள இடுக்கியால் பேட்டரியை எடுத்து தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிக்குள் புதைத்து, வாளியோடு வெட்டவெளிக்கு நடந்தாள்.

"ஐயோ, அது என் உசிரு அண்ணி!"

"உன் உசிரு மேல எனக்கும் ஆசை இருக்குடி. அதான் வெளிய கொண்டுபோறேன்."

"பழசை வச்சு நான் எப்படி ஜெயிக்கிறது? சரியான பயந்தாங்கொள்ளி! எங்கண்ணன் எங்க போய்தான் உங்களைப் புடிச்சானோ!"

"அவரு எங்க புடிச்சாரு? நான்தான் நல்லா செக் பண்ணி எடுத்தேன்."

பக்கத்து அணிக்காரர்கள் சிரித்தார்கள். தட்டானுக்கு அழுகை முட்டியது. பத்து நிமிடம் ஆயிற்று. வாளி வாளியாகவே இருந்தது. அண்ணி முதுகைத் திருப்பிய சமயம் பார்த்து, பேட்டரியை எடுத்துவந்துவிடலாம் என்று எழுந்து நான்கு எட்டு வைத்தாள்.

புஸ்ஸ்ஸ்.

மணலைக் கிழித்துக்கொண்டு வெள்ளைப் புகை கிளம்பியது. பின்னாலேயே நெருப்பு, முழங்கை உயரத்துக்குச் சீறியது.

"யாரும் கிட்டப் போகாதீங்க! இந்தப் பக்கம் வாங்க, அந்தப் புகையை மூக்குல ஏத்திக்காதீங்க!" என்று அண்ணி எல்லோரையும் காற்று வரும் பக்கமாக ஒதுக்கினாள்.

தட்டான் திரும்பி மேஜையைப் பார்த்தாள். எட்டு அணிகளின் பேட்டரிகளும் அந்த ஒரே பலகையில் நெருக்கியடித்துக் கிடந்தன. அண்ணி, தான் காலையிலேயே நிதானமாக சார்ஜ் ஏற்றி வைத்திருந்த பழைய பேட்டரியைக் கொண்டுவந்து ட்ரோனில் கட்டினாள்.

"இது வயசான குதிரை. எடுத்த எடுப்புல விரட்டுனா அஞ்சாவது சுத்துல படுத்துடும். மூணு சுத்து அடக்கி ஓட்டு. எப்போ விரட்டணும்னு நான் சொல்றேன்."

ட்ரோன் கேமரா காட்டுவதைப் பார்க்கிற கண்ணாடியைத் தட்டான் மாட்டிக்கொண்டாள்.

முதல் மூன்று சுற்றும் நரகம். நான்கு பேர் அவளைத் தாண்டி ஐந்தாவதாகத் தள்ளினார்கள். பின்னால் நின்று திரையில் பேட்டரியின் வோல்டேஜைப் பார்த்தபடி அண்ணி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்: "மூணு எட்டு... இரு, இரு... மூணு ஏழு..." நாலாவது சுற்றில், ஆரம்பத்திலிருந்தே விரட்டியவர்களின் ட்ரோன்கள் ஒவ்வொன்றாகத் தொய்ந்தன.

"இப்போ விடுடி!"

விட்டாள். ஒருவனை வளையத்தில், இன்னொருவனைத் திருப்பத்தில். கடைசிக் கோட்டில் ஒரு முழ வித்தியாசத்தில் மூன்றாவது ஆளையும் முந்தினாள். இரண்டாவது இடம்!

கண்ணாடியைக் கழற்றி எறிந்து, "அண்ணி!" என்று கட்டிக்கொள்ளத் திரும்பினாள். அண்ணி அங்கே இல்லை. மேஜைக்கருகில் ஒரு கூட்டம். சற்று முன் சிரித்தவர்கள்தான். ஆளுக்கொரு பேட்டரியோடு நின்றார்கள். "அக்கா, இது லேசா உப்பின மாதிரி இருக்கு, பாருங்களேன்." "இதுவும் ஒரு தடவை விழுந்துச்சுக்கா." அண்ணி ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தள்ளுங்கப்பா, அது எங்க அண்ணி!" என்று தட்டான் உள்ளே புகுந்தாள்.

அண்ணி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "யாரா இருந்தாலும் வரிசைல வாங்க."

அணியில் இடம் பிடித்தவள், இறங்கிய ட்ரோனிலிருந்து சூடான பேட்டரியைக் கழற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஏழாவது ஆளாகப் போய் நின்றாள்.