பாங்குக்கு முந்திய பந்து

இர்பித் நகரின் பல்கலைக்கழகத் தெருவில் அபூ ராமி நடத்தும் கணினி விளையாட்டுக் கடையில் நோன்பு மாதத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எல்லார் காதிலும் ஹெட்போன் இருக்கும், கதவு சாத்தியிருக்கும், ஏசி வேறு உறுமிக்கொண்டிருக்கும். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு யாருக்கும் கேட்காது. அதனால் ஜன்னலோரம் உட்காருகிறவன் ஒரு காதைத் திறந்து வைத்திருந்து, அந்திநேர மஃரிப் பாங்கு கேட்டதும் குரல் கொடுக்க வேண்டும். அவன் சொன்னால் கடையே நோன்பு திறக்கும். அந்தப் பேச்சை யாரும் சரிபார்த்ததில்லை.

அன்று ஜன்னலோரம் ஒபைதா. போட்டி நாள் என்பதால் எல்லார் போனையும் அபூ ராமி வாங்கிக் கல்லாவுக்குள் போட்டிருந்தார். ஜெயிப்பவனைத் தலைநகர் அம்மானில் ஓர் அணி சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும். ஒருவனைத்தான். படிப்பு முடிந்தும் வேலை இல்லாமல், அப்பாவின் முகத்தில் விழிக்கக் கூசிக்கொண்டிருந்த ஒபைதாவுக்கு அது வெறும் விளையாட்டு இல்லை.

விளையாட்டு என்னவோ எளிது. பந்து துரத்தி வரும், வாளால் அடித்துத் திருப்ப வேண்டும். அடிக்கும் நொடியில் யாரைப் பார்க்கிறோமோ அவனைத் தேடி அது போகும். அடிக்க அடிக்க வேகம் கூடும். தவறவிட்டவன் அவுட். ஆகவே யாரைப் பார்க்கப்போகிறோம் என்று காட்டிக்கொள்ளாதவன்தான் பிழைப்பான். ஒபைதா அதில் பலே ஆள். அவனும் குதைபாவும் முஆதும் மட்டும் மிஞ்சியபோது குதைபாவையே முறைத்துக்கொண்டு நின்றான். பந்து கிட்டே வந்ததும் சடாரென்று முஆத் பக்கம் திரும்பி அடித்தான். முஆத் வாளைத் தூக்கக்கூட இல்லை.

"கண்ணு ஒரு பக்கம், கை ஒரு பக்கம்! நீயெல்லாம் கட்டிக்கப்போறவளைப் பார்க்கப் போனாலும் மாமியாரைத்தான்டா பார்ப்பே!" என்று முஆத் கத்தினான். கடை சிரித்தது.

ஒபைதா சிரிக்கவில்லை. இரண்டே பேர் என்றால் இந்த ஜாலம் செல்லாது. பந்து போவதற்கு ஒரே ஆள்தான் இருக்கிறான். அப்புறம் கைவேகம் மட்டுமே, அதில் குதைபாவை அவன் ஒருநாளும் வென்றதில்லை. வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்து சில வருடங்கள் நோன்பே வைக்க முடியாமலிருந்து, இந்த வருடம்தான் டாக்டர் அனுமதித்து, ஒன்றுகூட விடாமல் வைத்துவந்தான் குதைபா. உதடு காய்ந்திருந்தும் அவன் விரல் மட்டும் சளைக்கவில்லை.

பந்து இப்போது ஒரு கோடாகத்தான் தெரிந்தது. ஒபைதாவின் விரல்கள் வியர்வையில் வழுக்கின. அடுத்ததோ அதற்கடுத்ததோ, தான் போய்விடுவோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பாங்கு சொல்லியாச்சு!"

குதைபாவின் கண் ஜன்னல் பக்கம் திரும்பினால் போதும் என்றுதான் கத்தினான். திரும்பியது. பந்து பாய்ந்தது. திரையில் ஒபைதாவின் பெயர் பெரிதாக எழுந்தது.

கல்லாவிலிருந்து அபூ ராமி, "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். பேரீச்சம்பழத் தட்டு கைமாறியது. வரிசை வரிசையாக பிஸ்மி சொல்லிக் கடித்தார்கள். குதைபா தோற்றதைக்கூட மறந்து பாட்டிலைக் கவிழ்த்து மடக்மடக்கென்று குடித்தான்.

ஒபைதா தட்டு கைமாறுவதைப் பார்த்தான். குதைபா ஒருவனைத்தான் அவன் குறிவைத்தான், கடையை நினைக்கவே இல்லை. பின்வரிசையில் பாதிப்பேர் இன்னும் கடிக்கவில்லை. நிறுத்துங்கடா என்று ஒரு சொல் போதும். ஆனால் சொன்னால் ஜெயித்தது போகும், அம்மான் போகும். வெட்கங்கெட்ட நாக்கு, பொய்க்கு நன்றாகப் புரண்டது, இப்போது ஒட்டிக்கொண்டது.

குதைபா வந்து தோளில் தட்டினான். "நல்ல நேரத்துல கவுத்துட்டியேடா. பரவால்ல, என்னைவிட உனக்குத்தான் அந்த வேலை வேணும். மப்ரூக், வாழ்த்துகள்." ஒரு பழத்தை நீட்டினான். "ஆமா, நீ ஏன் இன்னும் ஒண்ணும் வாயில வைக்கல?"

"கை... கழுவிட்டு வரேன்."

"நானே ஊட்டுறேன் மாப்ள. வாயைத் திற."

அபூ ராமி பார்த்துக்கொண்டிருந்தார். முஆதும் பார்த்தான். ஒபைதா வாயைத் திறந்தான். மென்றான், விழுங்கினான். இனிப்பே தெரியவில்லை.

காலையிலிருந்து சிகரெட்டுக்குத் தவித்த முஆத் கதவைத் திறந்தான். எதிர்மாடியில் வெயில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பற்றவைக்கப் போனவன் அப்படியே நின்றான். அந்த வெயில் மறைந்த பிறகுதான் தெருக்கோடிப் பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. பின்னாலேயே இன்னொன்று. கடைக்குள் எல்லார் வாயும் நின்றுவிட்டது.

"இப்பதானே சொல்றாங்க?" என்றார் அபூ ராமி. "ஒபைதா, அப்ப நீ எதைக் கேட்டே?"

"கேட்ட மாதிரி இருந்துச்சு சாச்சா..."

குதைபா திரையைப் பார்த்தான், கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். அதை மெதுவாக மேசைமேல் வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"கேட்ட மாதிரி இருந்தா, நான் ஊட்டுற வரைக்கும் ஏன்டா வாயில ஒண்ணும் வைக்கல?" என்றான். "நாங்க தெரியாம திறந்தோம். இன்னொரு நாள் திருப்பி வச்சுக்குவோம். நீ தெரிஞ்சே தின்னியேடா."