வரைந்தவர் பேசக்கூடாது

வரைந்த வீட்டுப் படத்தை அட்டையில் ஒட்டி, சுவரில் மாட்டி, நாலு பேரிடம் அதைப் பிரித்து மேயக் கொடுப்பதுதான் ஸ்கேல் மேடத்தின் வகுப்பு. கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் அவருக்கு அந்தப் பெயர் வைத்ததற்குக் கையிலிருக்கும் இரும்பு ஸ்கேல் பாதிக் காரணம். மீதி அவருடைய நாக்கு. பெயரைப் படத்தின் பின்னால்தான் எழுத வேண்டும். மற்றவர்கள் பேசும்போது வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாது.

"நாளைக்கு வீட்டக் கட்டிட்டு, வாசல்ல நின்னு போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிட்டிருப்பியா?" என்று கேட்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஆகவே காக்கை பேசக் கூடாது, அவ்வளவுதான்.

அன்று சுவரில் ஒரு படம் கூடுதலாக இருந்தது. அது மேடத்தினுடையது. பிள்ளைகளுக்குத் தெரியாது.

அப்பா விட்டுப்போன மனையில் அவரும் தங்கையும் சேர்ந்து வீடு கட்டுவதாக ஏற்பாடு. தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ், தனி ஆள். மேடத்துக்குக் கணவர், இரண்டு பிள்ளைகள். பிளானை மேடமே பார்த்துப் பார்த்து வரைந்தார். தங்கை அதைப் பார்த்துவிட்டு, "நல்லாதான்க்கா இருக்கு" என்றாள். அடுத்த வாரம், "என் பங்கையும் நீயே எடுத்துக்கோ, நான் வேற எங்கயாவது இருந்துக்கறேன்" என்றாள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. அதற்குப் பிறகு போனையும் எடுப்பதில்லை.

மேடத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் வீடு வரைகிறவள் கூடப்பிறந்தவளுக்குக் குறை வைப்பாளா? யாருடையது என்று தெரியாமல் நாலு பேர் பார்த்து, குறையில்லை என்று சொல்லட்டும். அப்புறம் தங்கையிடம் நேரில் போய் வைத்துக்கொள்ளலாம் கச்சேரியை.

முதலில் ஒட்டும் வேலை நடந்தது. கோந்தைக் கொட்டித் தாளைச் சுருங்க வைத்தவளுக்கு ஒரு திட்டு. அட்டையைக் கோணலாக வெட்டியவனுக்கு இரண்டு. பிறகு சுவரில் குறுக்காக ஒரு நூலைக் கட்டி, எல்லாப் படங்களின் நடுவும் அந்த நூலில் நிற்கும்படி மாட்டச் சொன்னார். நெட்டையன் ஒருவன் தன் கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தான்.

"ஒட்டகச்சிவிங்கிக்கா கண்காட்சி வெக்கறோம்? இறக்குடா."

அதற்கப்புறம் விமர்சனம். அதற்கும் மேடம் ஒரு வழி வைத்திருந்தார். அழகாயிருக்கிறது, சுமாராயிருக்கிறது என்றெல்லாம் சொல்லக் கூடாது. வாசலில் விரலை வைத்து, வீட்டுக்குள் நடந்து காட்ட வேண்டும். ஒருத்தியின் வீட்டில் விரல் மாடிப்படி ஏறி நேராகச் சுவரில் முட்டியது. வகுப்பே சிரித்தது. வரைந்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியாக மேடத்தின் படம்.

"அட்டையோட மூலை வெட்டப் பாருங்கப்பா, பிசிறே இல்ல" என்றான் நெட்டையன்.

"அட்டையிலயா குடியிருக்கப் போற? உள்ள போ" என்றார் மேடம்.

ஒரு பெண் விரலை நடத்திக் காட்டினாள். ஹாலில் நல்ல வெளிச்சம், சமையலறைக்குக் காற்று, பிள்ளைகள் அறை கண்பார்வையில். மேடத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து கும்பகர்ணன் எழுந்து வந்தான். வகுப்பில் பாதி நேரம் தூங்குகிறவன், பெயர்ப்பொருத்தம் அப்படி. அவன் விரல் வாசலுக்குப் போகவில்லை. கோடியில் இருந்த அறையில் போய் உட்கார்ந்தது.

"இந்த ரூம்ல யார் இருக்காங்க?"

யாருக்கும் தெரியவில்லை.

"சரி, நான்தான் இருக்கேன்னு வெச்சுக்கறேன். தூங்கி எழுந்திருக்கறேன்." வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. "பாத்ரூம் போகணும். சாப்பிடற இடத்தத் தாண்டணும், அப்புறம் ஹால். எல்லாரும் உக்காந்திருக்காங்க. நான் தலையக் குனிஞ்சுட்டே போயிட்டு, குனிஞ்சுட்டே வர்றேன். வேலைக்குக் கிளம்பினாலும் இதே வழிதான். என்னப் பாக்க யாராவது வந்தா, அவங்களும் எல்லார்கிட்டயும் மொகத்தக் காட்டிட்டுதான் வரணும். ரூம் பெருசுதான், ரெண்டு ஜன்னல் இருக்கு. ஆனா வீட்டுக்காரங்க ரூம் இல்ல இது. பாவம்னு யாரையோ கூட்டிட்டு வந்து வெச்சிருக்கற ரூம்."

மேடத்துக்குச் சுருக்கென்றது. பதில் நாக்கு நுனியில் இருந்தது. தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் வராது. அந்த மூலையில்தான் சத்தம் கேட்காமல் தூங்கலாம். தங்கைக்கென்று பார்த்து ஒதுக்கிய அறை அது. வாயைத் திறந்தார். பிள்ளைகள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டார்.

வகுப்பு முடியும்போது அவரவர் படத்தை அவரவரே கழற்றி, தான் கேட்டது என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். சுவரில் ஒரு படம் மட்டும் மிஞ்சியது. மேடம் எழுந்து போய் அதன் குண்டூசிகளைப் பிடுங்கினார்.

"இந்த வீட்டுல என் தங்கச்சி விருந்தாளி" என்றார்.

எல்லோரும் நழுவிய பிறகு கும்பகர்ணன் மட்டும் பையைத் தேடிக்கொண்டிருந்தான்.

"என்னோடதுன்னு உனக்குத் தெரியுமாடா?"

"மூலை வெட்டப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு மேடம்."

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்ன?"

"படத்தப் பத்திதானே மேடம் பேசச் சொன்னீங்க?"

அவன் போனதும், மேடம் படத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு தங்கைக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். எடுத்தாள்.

"என்னக்கா?"

"உனக்கு வாசல் எந்தப் பக்கம் வேணும்?"

"இத வரையறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாமேக்கா" என்றாள் தங்கை.

பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். வாசலில் தொடங்கி, அப்பா இருந்த காலத்துக்குப் போய், அக்கா அவளைக் கேட்காமல் முடிவு செய்த ஒவ்வொன்றாக எடுத்தாள். அதில் பாதிக்கு மேடத்திடம் நல்ல பதில்களே இருந்தன.

மேடம் வாயைத் திறக்கவில்லை.