கேட்குமுன் சொன்ன பதில்

கேப்டன் காலை மூன்று மணிக்கு எழுந்தவள். இப்போது மணி மாலை நாலு. பனிமூட்டம் என்று இரண்டு மணி நேரம், டயர் மாற்ற ஒன்றரை மணி நேரம் என்று, நாள் முழுக்கப் பறந்ததைவிடக் காத்துக் கிடந்ததுதான் அதிகம். சும்மா உட்கார்ந்திருந்தால் அலுப்பு வராது என்று யார் சொன்னார்களோ, அவர்களைக் கூட்டி வந்து விமானி இருக்கையில் உட்கார வைக்க வேண்டும்.

இன்னும் ஒரே ஒரு பயணம் பாக்கி, சொந்த ஊருக்கு. அதை முடிப்பதற்குள் சட்டம் அனுமதித்த வேலை நேரத்தை ஒரு மணி நேரம் தாண்டிவிடும். தாண்டலாமா கூடாதா என்பது கேப்டன் கையில். கம்பெனி கட்டாயப்படுத்தக் கூடாது, கேட்கலாம். அது கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

"ஒரே ஒரு கையெழுத்துதான் மேடம்," என்றார் போனில் ட்யூட்டி ஆபீசர். "நூத்தியெழுபது பேர் ஏறி உக்காந்தாச்சு. மாத்து ஆளு நாளைக்குக் காலையிலதான் வருவாங்க."

"எல்லாரையும் கேட்டுட்டுச் சொல்றேன்."

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? வீட்டுக்குப் போக யாருக்குக் கசக்கும்?"

வினையே அதுதான். அவளுக்கும் கசக்கவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். 'நீ பக்கத்துல இல்லாம கட்டில்ல படுக்க மாட்டேன்' என்று ஒரு மாதமாக அடம். ஏற்கெனவே இவள் வராததால் ஒரு தேதி தள்ளிப்போயிருந்தது.

கேப்டனுக்கு ஒரு வழக்கம் உண்டு. இப்படிக் கேட்பதென்றால் கடைசியாகச் சேர்ந்தவரிலிருந்துதான் தொடங்குவாள். பெரியவர்களை முதலில் கேட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த பணிப்பெண் நேராக நிமிர்ந்து, "ஃபைன் மேடம்," என்றாள், பரீட்சையில் பதில் சொல்வது போல. அடுத்த இருவரும் அதையே சொன்னார்கள். கடைசியில் எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடும் மூத்த பணிப்பெண்.

"எனக்கென்ன? இருபது வருஷமா நின்னுட்டேதான் தூங்கறேன். இன்னும் ஒரு மணி நேரம் நிக்க மாட்டேனா?"

எல்லோரும் சிரித்தார்கள். கேப்டனும் சிரித்தாள். சிரித்ததோடு சரி, யாரும் யாருடைய கண்ணையும் பார்க்கவில்லை.

துணை விமானி அவளைவிட ஆறு வயது பெரியவர். நாற்பது வயது வரை ஆபீஸில் உட்கார்ந்துவிட்டு அப்புறம் பறக்கக் கற்றுக்கொண்ட மனிதர். தலை முழுக்க நரை. பயணிகள் அவருக்குத்தான் வணக்கம் வைப்பார்கள். "சம்பளம் உங்களுக்கு, சலாம் எனக்கு," என்பார்.

"நீங்க எப்படி இருக்கீங்க சார்?"

"ஓட்டிடலாம் மேடம்."

கையெழுத்துப் போட்டாள். அவளைத்தான் யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

சரிபார்ப்புப் பட்டியலை அவர் வாசிக்க, அவள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். செக்டு. செக்டு. செட். ஆயிரம் முறை சொன்ன பதில்கள்.

"செக்டு," என்றாள்.

அவர் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கினார். "நான் இன்னும் கேக்கவே இல்லையே மேடம்!"

"பரவால்ல, கேளுங்க."

"நீங்களே வாசிச்சு நீங்களே சொல்லிடுங்க. நான் ஒரு காபி குடிச்சிட்டு வரேன்."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்காத கேள்விக்கு வாய் பதில் சொல்கிறதென்றால், கேட்ட கேள்விகளுக்கு மட்டும் யார் பதில் சொன்னது?

"முதல்லேர்ந்து வாசிங்க சார்."

நாலாவது வரியில் நின்றது. உயரம் காட்டும் கருவியில் அந்தந்த ஊரின் அந்த நேரத்துக் காற்றழுத்த எண்ணை வைக்க வேண்டும். அவர் பக்கத்தில் சரியாக இருந்தது. அவள் பக்கத்தில் இங்கே இறங்கும்போது வைத்த பழைய எண் அப்படியே இருந்தது. 'செட்' என்று அவள் சொல்லி ஐந்து நிமிடம் ஆகவில்லை. அவரும் அதைக் காதால் கேட்டாரே தவிர, இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"திருப்பி வச்சா முடிஞ்சுது," என்றார் மெதுவாக.

"இது முடிஞ்சுது. அடுத்தது?"

அவர் பட்டியலை மடித்து வைத்தார். "எனக்கும் கண்ணு எரியுது மேடம். நீங்க போகணுமேன்னுதான் சொல்லல," என்றார்.

அவள் கையெழுத்தை அடித்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"என்ன மேடம் இது! கடைசி நேரத்துல இப்படிப் பண்றீங்களே!" என்றார் ட்யூட்டி ஆபீசர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி, உடம்பு சரியில்லன்னு எழுதிடுங்க. யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. களைப்புன்னு எழுதினா விசாரணை, விளக்கம்னு இழுத்தடிப்பாங்க."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. களைப்புன்னே எழுதறேன்."

பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஒருவர் துணை விமானியைப் பிடித்துக்கொண்டார். "என்ன கேப்டன் சார், எங்களுக்கெல்லாம் வேலை வெட்டி இல்லையா?"

அவர் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். கேப்டன் முன்னால் வந்தாள். "நான்தாங்க கேப்டன். என்னைத் திட்டுங்க."

திட்டினார். நின்று கேட்டுக்கொண்டாள்.

விடுதிக்குப் போகும் வேனில் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"தெரியும். வர முடியலன்னாத்தான் இந்நேரத்துல கூப்பிடுவே."

"தம்பியை வரச்சொல்லும்மா. தேதியைத் தள்ளாதே."

"அவனா? கண்ணைக் கட்டிவிட்டா என்னைக் கதவுல இடிச்சுத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வருவான். ஆமா, உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"தூக்கம்மா. வேற ஒண்ணுமில்ல."

அம்மா தம்பியைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். வேன் திரும்பியது. கேப்டனின் தலை கண்ணாடியில் சாய்ந்தது.

"சரிம்மா," என்றாள். அம்மா இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை.