மாப்பிள்ளைக்கு ஓர் இரங்கல் பூசை

ஷேரனுக்குத் தன் கைவேகத்தில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பத்து காவான் என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில், நாள் முழுக்க கணினியின் டெர்மினல் திரையில் கட்டளை தட்டுகிறவள். மாதா கோயிலுக்காக அவள் தயாரிக்கும் ஞாயிறு மடலையும் வெறும் டெக்ஸ்ட் ஃபைலாகத்தான் வைத்திருந்தாள். "மௌஸெல்லாம் சோம்பேறிங்களுக்கு" என்பாள்.

இந்த வாரம் மடலில் அவளுடைய கல்யாண ஓலையே வருகிறது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் வாசிப்பார்களே, அது. மாப்பிள்ளை டேரனின் ஞானஸ்நானப் பெயர் சவரிமுத்து. மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஓலையிலும் அப்படியே போட்டிருந்தாள்.

காலையில் டேரனின் அம்மா ஆலிஸ், ஆயர் ஈத்தாம் என்ற தன் ஊரிலிருந்து போனில் கூப்பிட்டார். "சவரிமுத்துன்னா யாருக்குமா தெரியும்? டேரன்னே போடுலா. ஃபாதரும் சரின்னுட்டாரு. போட்டுட்டு எனக்கு அனுப்பு."

ஒரே வரிக் கட்டளை. சவரிமுத்து இருக்கும் இடமெல்லாம் டேரன். என்டரைத் தட்டினாள், மடலை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், கோப்பி கலக்கப் போனாள்.

திரும்பி வந்து படித்தபோதுதான் அதைப் பார்த்தாள். யார் யாருக்காகப் பூசை என்று சொல்லும் பூசைக் கருத்துகள் பகுதியில் இப்படி இருந்தது: "மறைந்த டேரன் ஆன்மா சாந்தியடைய, குடும்பத்தார்."

தாத்தா சவரிமுத்துவின் நினைவு நாளுக்கு ஆலிஸ் கேட்டிருந்த பூசை அது! ஆலிஸோ ஒரு தும்மல் கேட்டாலே கார் சாவியைக் கீழே வைக்கிற ரகம். அவரை இந்தக் கல்யாணத்துக்குத் தலையாட்ட வைக்கவே ஷேரன் படாத பாடு பட்டிருந்தாள். தாலி ஏறும் முன்பே மகனைச் சாகடித்த மருமகளை எந்த மாமியார் ஏற்பார்? அழித்துவிடலாம் என்று போனை எடுத்தால் நீல டிக் விழுந்திருந்தது. உடனே மணியும் அடித்தது.

"ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி, நான்..."

"டேரனுக்கு ஒண்ணும் ஆகாதுமா. செத்ததா சேதி வந்தா ஆயுசு கூடும்பாங்க." என்றார் ஆலிஸ். "ஆனா என் மாமனாரைக் காணோமே. அவருக்குக் கேட்ட பூசைலா அது. என்னைய மகளா வச்சிருந்த மனுஷன்."

ஷேரனுக்கு வெட்கமாகப் போயிற்று. அவள் பயந்ததெல்லாம் தன் கல்யாணத்துக்காக. தாத்தாவை நினைக்கவே இல்லை.

மொத்த ஃபைலையும் திருப்பி மாற்றினால் ஓலையில் மறுபடி சவரிமுத்து வந்து நிற்பார். அதனால் இந்த முறை கட்டளைக்கு எல்லை சொன்னாள்: 'பூசைக் கருத்துகள்' என்ற வரியிலிருந்து 'நன்றி' என்ற வரி வரை மட்டும், டேரனுக்குப் பதில் சவரிமுத்து. வரிவரியாக வாசித்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

ஆலிஸின் பதில் வந்தது: "இப்ப சரி. தாத்தா தாத்தா இடத்துல, பேரன் பேரன் இடத்துல. நாளைக்குப் பூசைல நீ என் பக்கத்துல வந்து உட்காருமா."