ஒன்றரை அங்குலம்

தச்சரின் பிக்கப் வண்டியிலிருந்து பத்தடிப் பலகை ஒன்று நடுச்சாலையில் வழுக்கி விழுந்தது. பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் சமயத்தில் பிரேக்கை மிதித்ததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை; பலகைதான் இரண்டாகப் பிளந்துபோனது. அந்த வண்டியின் பின்தொட்டி ஐந்தரை அடி நீளம்தான். அதைவிட நீளமாக எதை ஏற்றினாலும் பின்கதவைத் திறந்துபோட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி கட்டி, கடவுள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டுத்தான் தச்சர் ஓட்டுவார். அன்று பாரம் கீழேயே விழுந்துவிட்டது.

வீடு திரும்பியதும் மனைவியிடம் சொன்னார். "பலகை போனா வேற பலகை. அந்த பஸ்காரர் முகம்தான் இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது."

மனைவி தையல்காரி. பதினெட்டு வருஷமாகச் சீருடைகளும் கோட்டுகளும் தைப்பவள். ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தவள், மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். "அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் படிக்கட்டு போகணுமே. அது எவ்வளவு நீளம்?"

"பக்கச் சட்டம் ரெண்டும் பதினாலடி."

"அப்ப சிவப்புத் துணி பத்தாது."

பள்ளி நூலகத்தில் மேல்தளம் போட்டு ஆறு மாதமாகியிருந்தது. ஏறுவதற்குப் படி இல்லாததால் புத்தகப் பெட்டிகள் கீழேயே அடுக்கிக் கிடந்தன. பிள்ளைகள் வராத நாளாகப் பார்த்து, சனிக்கிழமை பத்து மணிக்கு என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். வாடகை லாரியைக் கூப்பிடலாம் என்றால் பள்ளிக்கூடச் சந்தில் லாரி திரும்பாது. பிக்கப் ஒன்றுதான் நுழையும்.

தையல்காரி ஊசியை மேலே தூக்கி நூலை அறுத்தாள். "தொட்டிக்கு மேல இரும்பில ஒரு கேரியர் போட்டுடுவோம். வண்டி தலைக்கு மேல சட்டத்தைப் படுக்க வெச்சு எடுத்துட்டுப் போகலாம். நானும் தம்பியும் பார்த்துக்கறோம். நீங்க படிக்கட்டை முடிங்க."

"உனக்கு இரும்பு வேலை என்ன தெரியும்?"

"இரும்பு தம்பிக்குத் தெரியும். எனக்கு அளவு தெரியும்."

தம்பி என்று அவள் சொன்னது கொழுந்தனை. கேட் செய்யும் பட்டறையில் வெல்டராக இருந்தான். கைவேலையில் கெட்டிக்காரன், அந்தத் தெருவில் பாதி கேட்டுகள் அவன் பற்றவைத்தவை. ஆனால் டேப்பை எடுப்பது தன் மரியாதைக்குக் குறைச்சல் என்று நினைப்பவன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான், 'நாலே கால்' என்பான், வெட்டுவான். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டைச் சுத்தியலால் சரிசெய்துவிடுவான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பிரித்துப்போட்ட பழைய விளம்பரப் பலகையின் சதுரப் பைப்புகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். வண்டி நிற்கும் ஷெட்டுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான். தொட்டிக்கு மேல் ஏற்கெனவே ஒரு கேரியர் நின்றது. அட்டைக் கேரியர். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியைக் கிழித்து, கால்கள், குறுக்குச் சட்டங்கள், மூலைகள் என்று தனித்தனியாக வெட்டி, குண்டூசியும் ஒட்டுத்தாளும் போட்டு நிறுத்தியிருந்தாள் அண்ணி.

"என்ன அண்ணி இது, நாடகத்துக்கு செட்டா?"

"துணியை வெட்டறதுக்கு முன்னாடி காகிதத்துல வெட்டிப் பார்ப்போம். இங்க வா, இதைப் பாரு. தொட்டியோட தரை இடப்பக்கம் மூணு நூல் இறங்கியிருக்கு, அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி."

"இருக்காது. கம்பெனி வண்டி."

"கம்பெனி சரியாத்தான் பண்ணியிருக்கும். நமக்கு முன்னாடி வெச்சிருந்தவர் எங்கயோ இடிச்சிருக்கார்."

வெல்டர் குனிந்து பார்த்தான். இடப்பக்க மூலையில் தகட்டைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்த தடம் இருந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"மூணு நூல்னு இவ்வளவு கறாரா சொல்றீங்க?"

"பதினெட்டு வருஷமா நூலோடதானே குடும்பம் நடத்தறேன்."

அவன் சிரித்துவிட்டான். எல்லாக் கால்களையும் ஒரே அளவில் அறுத்துவிடலாம் என்று நினைத்து வந்தவன், அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பைப்பின் மேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டான். அன்று அறுத்த பதினோரு துண்டுகளில் ஒன்றிடம்கூடச் சுத்தியலால் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை கேரியர் சட்டம் நின்றது. முழுதாகப் பற்றவைக்கக் கிளம்பியவனைத் தடுத்து, முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொட்டு வைக்கச் சொன்னாள். வைத்ததும் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாள். கேரியர் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பி வந்தது.

"பைப் தடிமன் பத்தலை" என்றான் வெல்டர். "பெரிசா வாங்கணும்."

"வேண்டாம். துணியைச் சாய்வா இழுத்தாக் கோணிக்கும். கோணக்கூடாதுன்னா அந்தச் சாய்விலேயே ஒரு பட்டி வெச்சுத் தைப்போம். இங்கயும் மூலைக்கு மூலை சாய்வா ஒரு கம்பி குடு."

கொடுத்தான். மறுபடியும் அவள் தள்ளினாள். வண்டிதான் அசைந்தது, கேரியர் அசையவில்லை. வெல்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு மீதியைப் பற்றவைக்க ஆரம்பித்தான்.

கால் நான்கும் தொட்டியின் தரையில் போல்ட் போட்டு நிற்க வேண்டும், வேண்டும்போது கழற்ற வேண்டும் என்பது அவள் ஏற்பாடு. "பட்டன் மாதிரி" என்று சொல்லியிருந்தாள். மரத்தில் கீறல் விழாமலிருக்க, குறுக்குச் சட்டங்களின் மேல் பழைய டியூபை வெட்டிச் சுற்றினாள். வியாழக்கிழமை கறுப்பு பெயின்ட் அடித்தார்கள். வெள்ளிக்கிழமை தச்சரும் வெல்டரும் ஆளுக்கொரு பக்கம் சட்டத்தைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். கீச்சென்று ஒரு சத்தம் இல்லை. ஷெட்டுக்கு வந்து சுற்றிப் பார்த்த தையல்காரியின் மாமியார், "மழை இல்லாத நாள்ல இதுல துணி காயப்போடலாம் போலிருக்கே" என்று தன் ஒப்புதலைத் தெரிவித்தார்.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குத் தச்சர் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கிவிட்டு வண்டியைப் பின்னோக்கி எடுத்தார். டங்கென்று ஒரு சத்தம். வண்டி நின்றது.

கேரியரின் பின்சட்டம் வாசலின் மேல்விட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

தையல்காரி டேப்பை எடுத்து வாசலை அளந்தாள். ஆறடி. கேரியரை அளந்தாள். ஆறடி ஒன்றரை அங்குலம். தொட்டியை அளந்திருந்தாள், வண்டித் தலையை அளந்திருந்தாள், மரத்தை அளந்திருந்தாள், மூன்று நூல் வித்தியாசத்தைக்கூடப் பிடித்திருந்தாள். வண்டி வெளியே போக வேண்டிய வாசலை மட்டும் அளந்திருக்கவில்லை. காது மடல் இரண்டும் சூடேறியது அவளுக்கே தெரிந்தது.

"வாசலை விட்டுட்டேன்" என்றாள். "என் தப்பு. சரி, போல்ட்டைக் கழட்டு தம்பி. கேரியரைத் தனியா வெளிய எடுத்து மாட்டிக்கலாம். கால் மணி நேர வேலை."

வெல்டர் நகரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா?" என்றார் தச்சர்.

"நேத்து நீங்க போனப்புறம் நட்டு எல்லாத்துக்கும் அடியில வெல்டிங் பொட்டு வெச்சுட்டேன், அண்ணே. யாரும் கழட்டிட்டுப் போயிடக் கூடாதேன்னு."

"எத்தனை நட்டு?"

"பதினாறு."

தச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கிரைண்டர் போட்டு அறுக்கலாம். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பதினாறையும் அறுத்துத் திரும்ப மாட்டுவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். நூலகத்தில் தலைமையாசிரியை நான்கு ஆட்களை வரச் சொல்லிக் காத்திருப்பார். "போன் பண்ணி நாளைக்குன்னு சொல்லிடவா?" என்று மனைவியைப் பார்த்தார்.

அவள் விட்டத்தையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலைப் பெரிதாக்க முடியாது. கேரியரைச் சின்னதாக்க முடியாது. நின்றுகொண்டே யோசித்தவள் சட்டென்று டயரின் பக்கத்தில் குந்தினாள்.

"போன் வேண்டாம். வண்டியைக் குள்ளமாக்கிடலாம். நாலு டயர்லயும் பாதிக் காத்தை இறக்குங்க. அப்புறம் தொட்டியில ஆளுங்களை ஏத்துங்க. அடியில ஸ்பிரிங் பட்டை அமுங்கும்."

வெல்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். "எட்டுப் பேர் வேணும் அண்ணி" என்றான். பிறகு தானாகவே டேப்புக்குக் கையை நீட்டினான். "இருங்க. ரெண்டு பேர் ஏறட்டும், எவ்வளவு இறங்குதுன்னு அளந்துட்டுச் சொல்றேன்."

அளந்ததில் எட்டுதான் வந்தது.

எதிர்க் கடை முடிதிருத்துபவர் பாதி வேலையை விட்டுவிட்டு வந்தார். கழுத்தில் துண்டோடு அவருடைய வாடிக்கையாளரும் கூடவே வந்தார். தபால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். பக்கத்து வீட்டு நர்ஸ், இரவு வேலை முடிந்து வந்தவர், பையைக்கூடக் கழற்றாமல் ஏறினார். ரொட்டிக் கடைக்காரரும் அவருடைய மச்சானும் வந்தார்கள். வெல்டர் ஏறினான். ஏழு பேர். எல்லோரும் தலை இடிக்காமல் குந்தி உட்கார்ந்திருக்க, சட்டம் விட்டத்தைவிட இன்னும் ஒரு விரல் அகலம் உயரமாகவே நின்றது.

வீட்டுக்குள்ளிருந்து மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். ஸ்டூல் போட்டு ஏறி, பின்கதவை ஒட்டிச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு இறங்கியது.

"இத்தனை வருஷமா என் உடம்பைப் பத்தி ஆளாளுக்குப் பேசினீங்க" என்றார். "இப்ப ஓட்டு."

தையல்காரி வாசலுக்கு வெளியே நின்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கையைக் காட்டினாள். தச்சர் கிளட்சை மெதுவாக விட்டார். சட்டம் விட்டத்துக்கு அடியில் நுழைந்தது. நடுவில் ஒரு தீப்பெட்டியின் கனம்தான் இடைவெளி இருக்கும். "வாங்க, வாங்க, யாரும் அசையாதீங்க" என்றாள். முடிதிருத்துபவருக்குத் தும்மல் வந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டார். முன்சட்டமும் தாண்டி வண்டி முழுசாக வெயிலுக்கு வந்தபோது தபால்காரர் கைதட்டினார். மற்றவர்கள் சேர்ந்துகொள்வதற்குள் மாமியார், "யாராவது என்னை இறக்கிவிடுங்கப்பா, கால் மரத்துப்போச்சு" என்றார்.

பெயின்ட் அடிக்க வைத்திருந்த கம்ப்ரசரில் டயர்களுக்குத் திரும்பக் காற்றடித்தார்கள். படிக்கட்டின் பக்கச் சட்டங்கள் இரண்டையும் வெளியே வைத்தே மேலே ஏற்றினார்கள். வண்டித் தலைக்கு மேலே கை நுழையும் அளவு இடைவெளி விட்டு அவை நீண்டு படுத்தன. முன்முனையிலிருந்து இரண்டு கயிறுகளை இறக்கி பம்பரில் கட்டினாள் தையல்காரி. படிப் பலகைகள் தொட்டிக்குள் போயின. நீளச் சாமான் ஏற்றியும் பின்கதவு மூடிக்கொண்டது இதுதான் முதல்முறை.

ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினார்கள். தச்சர் ஓட்ட, பக்கத்தில் மனைவி, ஓரத்தில் வெல்டர். சந்தைத் திருப்பத்தில் ஒரு நாய் சாவகாசமாகக் குறுக்கே வந்தது. தச்சர் பிரேக்கை அழுத்தி மிதித்தார். மூன்று பேரும் முன்னால் போய் வந்தார்கள். மேலே பதினான்கு அடிச் சட்டங்கள் ஒரு நூல்கூட நகரவில்லை. தச்சர் ஜன்னல் வழியே தலையை நீட்டி மேலே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இனிமே நான் பின்னாடி திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை" என்றார்.

"ரோட்டைப் பாருங்க" என்றாள் மனைவி.

பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். மத்தியானத்துக்குள் படிக்கட்டு நின்றுவிட்டது. தலைமையாசிரியை முதல் ஆளாக ஏறிப் போய், மேல்தளத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். "பெட்டிகளைக் கொண்டுவாங்க" என்றார். வெல்டர் ஒரே சமயத்தில் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறினான்.

கிளம்பும்போது தலைமையாசிரியை வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "இது எந்தப் பட்டறையில செஞ்சது? எங்க ஸ்கூல் வேனுக்கும் மேல ஒண்ணு வேணும். பிள்ளைங்க விளையாட்டுச் சாமானெல்லாம் கால் வைக்க இடமில்லாம கிடக்குது."

தச்சர் பதில் சொல்வதற்குள் வெல்டர் முந்திக்கொண்டான். "அளவு எங்க அண்ணி. பத்தவெச்சது நான். எப்ப வரணும்னு சொல்லுங்க, ரெண்டு பேரும் வர்றோம்."

வண்டி அதற்குப் பிறகு ஷெட்டுக்குள் போகவில்லை. ஒவ்வொரு தடவையும் தெருவையே கூப்பிட்டு உட்கார வைக்க முடியுமா? வெளியே தகரக் கூரை ஒன்றை வெல்டர் போட்டுக் கொடுத்தான். அதற்கு டேப்பால் அளந்துதான் வெட்டினான், யாரும் சொல்லவில்லை. காலியான ஷெட்டைப் பார்த்த தச்சர், அங்கே இன்னொரு வேலைமேசை போடலாம் என்று இரண்டு நாள் திட்டமிட்டார். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், வாசல் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் தையல் மிஷினும் வெட்டும் பலகையும் வந்து உட்கார்ந்திருந்தன. மாமியாரும் வெல்டரும் தூக்கிவந்து போட்டிருந்தார்கள். தச்சர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அவர் வேலைமேசை அதே ஷெட்டின் மறுமூலையில் இருந்தது; இழைப்புளி போட்டால் தூசி பறக்கும், அவளோ வெள்ளைச் சீருடை தைப்பவள். அதனால் இருவருக்குள்ளும் ஓர் உடன்பாடு உண்டானது: வெள்ளைத் துணி அவள் மேசையில் இருக்கும்வரை மரத்தில் அளவு எடுப்பதும் கோடு போடுவதும் மட்டும்தான்.