பேர் சொல்லிச் சொன்ன குரல்

அழித்துவிட்டாள். ஆனால் அவள் போனில் மட்டும்தான் அழிந்தது. பதற்றத்தில் விரல் ‘எனக்கு மட்டும்’ என்பதைத் தொட்டுவிட்டது. வாட்ஸ்அப் குரூப்பில் இருந்த அத்தனை பேரிடமும் இனியா பேசி அனுப்பிய குரல் அப்படியே கிடந்தது.

“அக்கா, நீங்களாவது எடுத்துடுங்கக்கா!”

“எடுத்துட்டேன்டி. அதுக்குள்ள எவனோ வெளிய அனுப்பிட்டான்,” என்றாள் சண்முகப்ரியா. காலேஜில் படிக்கும் அவள்தான் அந்தக் குரூப்பை நடத்துகிறாள். தங்களுக்கு நடந்ததை நடந்தபடி ஜனங்கள் பேசி அனுப்புவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். “பேரு ஊரு சொல்லக் கூடாதுன்னு எத்தினி தடவ சொன்னேன்? நீ என்னாடான்னா கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுற மாதிரி ஆரம்பிச்சிருக்கிற!”

அதுதான் நடந்தது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் அம்மா குறையைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டும்போதெல்லாம், அதை எழுதிக் கொடுப்பது இனியாதான். தன் பேர், தெரு, யார் மேல் குறை, அவன் செய்தது என்ன, எல்லாம் இருந்தால்தான் சாமி விசாரிக்கும். மைக்கை அமுக்கியதும் வாய் அதே தடத்தில் ஓடிவிட்டது.

‘வாசுகி மக இனியா, பொம்மைக் கம்பெனி மொதலாளி ராஜ்மோகன் மேல சொல்றேன். சூளை ஆறாம தொறக்க மாட்டேன்னாரு அங்க சூளை வேல பாக்குற பக்கிரி மாமா. கொலு ஆர்டர் போவணும், தொறடான்னு கத்துனது இவருதான். அம்மாவுக்குச் சோறு குடுக்கப் போன நான் கண்ணால பாத்தேன். மாமா அன்னைக்குக் குடிக்கவே இல்ல.’

பக்கிரியின் இரண்டு கைகளும் வெந்துபோயின. போதையில் அவனே திறந்தான் என்று ராஜ்மோகன் சொன்னதை ஊரே நம்பியது. அந்தக் கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் பூசும் அம்மா மட்டும் நம்பவில்லை. ஆனாலும், “நமக்கு எதுக்குடி?” என்று மகளின் வாயை அடைத்திருந்தாள். வேலை முடிந்து பொழுது சாய்வதற்குள் வந்துவிடுகிறவள், இன்று விளக்கு வைத்தும் வரவில்லை.

போன் அடித்தது. திரையில் ‘அம்மா’.

“எம்மா, எங்க இருக்கிற?”

“அம்மா இங்கதான் இருக்குது பாப்பா.” ராஜ்மோகன். குரலில் கோபமே இல்லை. “டீ குடுத்திருக்கேன், குடிக்க மாட்டேங்குது. நீ நல்லா பேசுற. அதே வாயால இன்னொண்ணு பேசி அனுப்பு. சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன், பக்கிரி குடிச்சிருந்தாருன்னு. அதைக் கேட்டதும் அம்மாவை நானே வண்டியில கொண்டாந்து வூட்ல வுடுறேன்.”

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அம்மா அழுகையை அடக்கும்போது அப்படித்தான் உறிஞ்சுவாள். லைன் கட்டானது.

இனியா மைக்கை அமுக்கினாள். “நான்... அன்னைக்கு...”

கதவு தட்டும் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தாள். கட்டுப் போட்ட கைகளை மார்போடு அணைத்தபடி பக்கிரி மாமா நின்றிருந்தார். கதவைத் தட்டியது அவர் பெண்டாட்டி மாரியம்மாள். அவள் கையிலிருந்த போனில் இனியாவின் குரலே ஓடிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தாள்.

“இவரு குடிக்கலன்னு நான் தலையால அடிச்சிக்கிட்டேன் பாப்பா. எம் புள்ளையே நம்பல. நீ சொன்னதைக் கேட்டுட்டுத்தான் அப்பாவுக்கு இன்னைக்குச் சோறு ஊட்டுனான்.” மாரியம்மாள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

இனியாவின் கையில் இருந்த போன் இன்னமும் பதிவு செய்துகொண்டிருந்தது.

“நாளைக்குப் போலீசு டேஷனுக்குப் போறோம். அங்க வந்து, இதே மாதிரி பேரு சொல்லிச் சொல்லுவியா?”