நடுங்குகிற கைக்கு ஒரு வாலட்

என் மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் புத்தி போகவில்லை. எதிரில் வருகிறவர் யாராக இருந்தாலும், டிக்கெட்டை எடுத்துக் காட்டும்வரை அவர் டிக்கெட் இல்லாதவர்தான். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து வருஷக்கணக்காகிறது, இன்னும் காட்டிக்கொண்டேதான் இருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோய்க் கண்ணுக்கே தெரியாத கிரிப்டோ காயினில் போட்டார் என்றால், அதற்குக் காரணம் என் கொழுந்தன். வெளிநாட்டில் இருக்கிறான். வீட்டில் அவன் பெயர் சின்னவன். சின்னவன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவன் வாங்கச் சொன்னான், இவர் வாங்கினார், அதுவும் நல்ல நேரம் பார்த்து மளமளவென்று ஏறிவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்தது, "சின்னவன் மூளை யாருக்கு வரும்" என்கிற பாட்டு. கூடவே இருந்து மாதச் சம்பளத்தில் வீட்டை இழுத்துக்கொண்டு போகிற பெரியவன், அதாவது என் கணவர், அதைக் கேட்டுக்கொண்டே பேப்பர் படிப்பார்.

பிறகு மாமனாருக்குக் கை நடுக்கம் வந்தது. சட்டைப் பொத்தானில் தொடங்கி, சோற்றுக்கு வந்து, குளியலறைக்கு வந்தது. நான் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தவள். குழந்தையோ கிழவரோ, ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவேன். என்னைத் தேடி வந்து வரிசையில் நிற்பார்கள். அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். யாரும் என்னை விடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இப்படி இருக்கையில் எங்கோ ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச், அதாவது காயின் வாங்கி விற்கிற கம்பெனி, கதவைச் சாத்திவிட்டது, பணம் போட்டவர்கள் தெருவில் நிற்கிறார்கள் என்று செய்தி வந்தது. அது மாமனார் கணக்கு வைத்திருந்த இடம் இல்லை. ஆனாலும் அவர் விடவில்லை. இனிமேல் காயினை அடுத்தவனிடம் விட்டுவைக்கக் கூடாது, தன் கையிலேயே இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அதற்குத்தான் ஹார்டுவேர் வாலட். பார்க்கச் சின்னக் கருவி. காயின் அதற்குள் இருப்பதில்லை, காயினின் சாவி இருக்கிறது. சாவி யாரிடமோ, காசும் அவரிடம்.

"நீதான் நெட்டுல பாத்து நல்லதா ஒண்ணு சொல்லணும்" என்றார் என்னிடம்.

"எனக்கு எதுக்கு மாமா அந்த வம்பு? சின்னவரைக் கேளுங்க."

"அவனுக்கு வேலை அதிகம்மா." எனக்கு வேலையே இல்லை பாருங்கள். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு சொன்னார்: "காயின் என் கைக்கு வந்துட்டா அதுல கொஞ்சத்தை வித்து, பகல்ல என்னைப் பாத்துக்க ஒரு ஆளைப் போட்டுடறேன். நீ உன் லேபுக்குப் போ. பாவம், நீயும் எத்தனை நாளைக்கு."

அந்தப் 'பாவம்' என்ற ஒரு வார்த்தையில் விழுந்தேன். லேப் மேடத்துக்குப் போன் போட்டேன். இடம் ஒன்று காலியாகிறது, மாதக் கடைசிவரை பிடித்துவைக்கிறேன், அதற்குமேல் என்னைக் குறை சொல்லாதே என்றார். அன்றிலிருந்து எனக்கு வாலட் பைத்தியம் பிடித்தது. அவருடைய காயின் எத்தனை, என்ன விலை என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. எனக்கு என் வெள்ளைக் கோட்டு திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

விலை குறைந்ததாக ஒன்று இருந்தது. அரைவிரல் நீளம், இரண்டே பொத்தான். பின் நம்பரை மூன்று முறை தப்பாகப் போட்டால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். டிவி ரிமோட்டில் செய்தி வைக்கப் போய்ச் சமையல் சேனல் வைக்கிற கைக்கு அது ஆகுமா? விரல் ரேகை வைக்கிற மாதிரி ஒன்று. மாமனாரின் ரேகை, அலுவலகத்தில் ஓய்வூதியத்துக்கு வைக்கச் சொன்னபோதே தேய்ந்துபோய்விட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். என் கணவர் தன் பங்குக்கு, "செகண்ட் ஹேண்ட்ல பாதி விலைக்குக் கிடைக்குது" என்றார். எனக்கு வந்ததே கோபம்!

"யாரோ பூட்டித் திறந்த பூட்டைச் சாவியோட வாங்கி நம்ம பீரோவுக்குப் போடுவீங்களா? அவன் கையில இன்னொரு சாவி இருக்காதா? உங்களுக்கெல்லாம் எங்கிருந்துதான் இப்படி யோசனை வருதோ!"

அவர் பேப்பருக்குள் போய்விட்டார். "சரியாச் சொன்னே" என்றார் மாமனார். சந்தேகப்படுகிற விஷயத்தில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

கடைசியில் கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை. கடைக்காரர் பொறுமைசாலி. கண்ணாடிப் பலகைமேல் நாலைந்து மாதிரியை வரிசையாக வைத்தார். மாமனார் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நாலைத் தொட்டால் ஏழில் விழுகிறது. முகம் சுண்டிவிட்டது. நான் கைப்பையிலிருந்த துண்டைச் சுருட்டி அவர் மணிக்கட்டுக்குக் கீழே வைத்தேன். ஊசி போடும்போது நடுங்குகிறவர்களுக்கு லேபில் அப்படித்தான் செய்வோம். மணிக்கட்டு படிந்தால் விரல் அடங்கும். பெரிய டச் ஸ்கிரீன் வைத்த மாதிரியில், எண்கள் ஒவ்வொன்றும் பிஸ்கட் அளவுக்கு இருந்ததில், ஒரு தப்பும் இல்லாமல் நாலு எண்ணையும் தட்டிவிட்டார். குழந்தை மாதிரிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பொய் சொல்லக் கூடாது, அந்த நிமிஷம் அவர்மேல் எனக்குப் பிரியமாகவே இருந்தது.

"விலைதான் மூணு மடங்கு" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டும், இதையே போடுங்க" என்றேன் நான். "சீல் பிரிக்காத பெட்டியா எடுங்க."

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தோம். துண்டைச் சுருட்டிவைத்தேன். மாமனார் என்னைப் பார்த்தார். "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போயேன்" என்றார். போனேன். சமையலறையில் நின்றுகொண்டு, பின் நம்பர் போட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். திரும்பக் கூப்பிட்டபோது முகம் வெளிறியிருந்தது. கருவி இப்போது இருபத்துநாலு ஆங்கில வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் காட்டும், அவற்றை ஒரு அட்டையில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். கருவி தொலைந்தாலும் உடைந்தாலும் அந்த வார்த்தைகள்தான் உயிர். அவற்றை வைத்திருக்கிறவர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தும் காயினை எடுத்துவிடலாம்.

விரலுக்கு ஏற்ற திரையைத் தேடி நாயாய் அலைந்தேனே, பேனாவை யோசித்தேனா? பேனா பிடிக்க முடியாமல் அவர் கையெழுத்துப் போடுவதை நிறுத்தியே வெகுநாளாகிறது. என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

"குடுங்க மாமா, நான் எழுதறேன்."

அவர் கருவியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க பையன் வரட்டும், அவரு எழுதட்டும்."

"அவனுக்குத் தெரிஞ்சா உனக்குத் தெரிஞ்ச மாதிரிதான்." ஒளிவுமறைவே இல்லை. முகத்துக்கு நேராகவே சொன்னார். "நீ போய் மருந்து வாங்கிட்டு வா. தீர்ந்துபோச்சு பாரு."

மருந்து தீரவில்லை, இரண்டு நாளைக்கு இருந்தது. ஆனாலும் போனேன். இந்தக் கையால் நான் துடைத்துவிடாத இடம் அவர் உடம்பில் இல்லை. இருபத்துநாலு வார்த்தைக்கு மட்டும் நான் அந்நியம்.

திரும்பி வந்தபோது உற்சாகமாக இருந்தார். "எழுதியாச்சு" என்றார்.

"இந்தக் கையோடயா?"

"அது என் பாடு."

எக்ஸ்சேஞ்சிலிருந்து காயினை வாலட்டுக்கு மாற்றும்போது போனை நான்தான் பிடித்துக்கொண்டேன். காயின் வந்து சேர்ந்ததும், ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டேன். அடுத்த வாரம் கொஞ்சம் விற்றுக்கொள்ளலாம், ஆளைச் சொல்லிவை என்றார். ஒரு அம்மாளிடம் பேசியே வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் விற்கலாம் என்று வாலட்டைத் திறந்தால், பூஜ்யம்.

மறுபடி திறந்தேன். பூஜ்யம். மாமனார் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு அம்மா, அவர்தான் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர், செருப்புகூடப் போடாமல் மேலே ஓடி வந்தார். அவருக்கு முன்னால் வைத்துத்தான் என் மாமனார் கையை நீட்டினார். அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் நேராக என்னை நோக்கியே நடுங்கியது.

"இவதான்! கடை பாத்தது இவ, மாடல் சொன்னது இவ, போனைப் பிடிச்சது இவ. ஆளைப் போடு, ஆளைப் போடுன்னு அவசரப்பட்டப்பவே எனக்குத் தெரியும். போலீசைக் கூப்பிடுடா!"

"மாமா, என்ன பேசறீங்க? பாத்துப் பேசுங்க."

"திருடி! வீட்டுக்குள்ளயே திருடி!"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைத் தனியாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஆறுதல் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன், மடச்சி. "தப்பா நினைச்சுக்காத. தெரியாம ஏதாவது பண்ணிட்டியா? என்கிட்ட சொல்லிடு, நான் சமாளிச்சுக்கறேன்" என்றார். மாமனார் கத்தியதுகூட வலிக்கவில்லை. இதுதான் வலித்தது.

நான் கூடத்துக்கு வந்தேன். காயின் எதுவும் என்னிடம் இல்லை, நீங்களே பாருங்கள் என்று என் போனை எடுத்துக் கீழ்வீட்டு அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு மாமனாரைக் கேட்டேன்: "அந்த வார்த்தையெல்லாம் எழுதினது யாரு? இந்தக் கை எழுதாது. யாரு எழுதினா, அதைச் சொல்லுங்க மொதல்ல."

என் கணவரும் கேட்டார். அப்புறம்தான் வந்தது பதில்: "சின்னவன். வீடியோ கால்ல ஒவ்வொண்ணாக் காட்டினேன், அவன் எழுதிக்கிட்டான். அவனைப் போய்ச் சந்தேகப்படறியா?"

கீழ்வீட்டு அம்மாவின் அடுப்பில் ஏதோ கருகுகிற வாசனை வந்தது. அவர் என் போனை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினார். சின்னவனுக்குப் போன் போட்டது அதற்கப்புறம்தான்.

"ஆமாப்பா, நான்தான் என் வாலட்டுக்கு மாத்தினேன்" என்றான், காய்கறியை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்த மாதிரி. "சொல்லணும்னு நெனச்சேன், வேலையில மறந்துட்டேன். அங்க எப்படிப்பா விட்டுவைக்கிறது? உங்க கை வேற இப்படி. அண்ணிதான் எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னீங்க."

மாமனார் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு சிரித்தார். கடையில் சிரித்தாரே, அதே குழந்தைச் சிரிப்பு. "அப்பாடா! உயிர் வந்துச்சுடா. உன்கிட்ட இருந்தா பேங்குல இருக்கற மாதிரி." இத்தனை நேரம் கேட்ட போலீஸ் எங்கே போனதென்று தெரியவில்லை.

நான் போனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "சின்னவரே, அதுல கொஞ்சம் வித்துப் பகல்ல ஒரு ஆளைப் போடறதா மாமா சொல்லியிருக்காரு."

"இப்ப விலை இறங்கிக் கெடக்கு அண்ணி. இப்பப் போய் யாராவது விப்பாங்களா? அதான் நீங்க இருக்கீங்களே. உங்களை மாதிரி யாரு பாத்துக்குவா?"

மாமனார் தலையை ஆட்டி ஆமோதித்தார்.

"சரி மாமா" என்றேன். "கீழ்வீட்டு அம்மா முன்னாடிதான என்னைத் திருடின்னு சொன்னீங்க. அவங்களைக் கூப்பிடறேன். அது நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"அட, முடிஞ்சுபோன விஷயத்தைப் போய்... கோபத்துல ஒரு பேச்சு வந்துச்சு, விடும்மா."

என் கணவர், "அப்பாவுக்கு உடம்பு முடியாதப்ப இதெல்லாம் வேண்டாமே" என்றார்.

நானே இறங்கிப் போனேன். காயின் கிடைத்துவிட்டது என்று கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "நல்லதாப் போச்சு. மனசு மாறித் திருப்பிக் குடுத்துட்டே இல்ல, அதுவே பெரிசு. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன், நீ கவலைப்படாத."

எத்தனையோ சொல்லியிருக்கலாம். திரும்பிப் படியேறினேன்.

படியிலேயே நின்று லேப் மேடத்துக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். யாரையும் கேட்கவில்லை. மேலே வந்து கூடத்தில் வைத்துச் சொன்னேன்.

என் கணவர் பேப்பரைக் கீழே வைத்தார். "என்ன விளையாடறியா? அப்பாவை யாரு பாத்துக்கறது?"

"திருடி கையில யாராவது அப்பாவை விட்டுட்டுப் போவாங்களா?" என்றேன். "நீங்க இருங்க வீட்டுல. இல்ல, உங்க தம்பிகிட்ட இருக்கற காசுல ஆளைப் போடுங்க. நான் எடுத்த காசுதான், நான் திருப்பிக் குடுத்த காசுதான், ஊரே சொல்லுது."

கொஞ்ச நேரத்தில் மாமனார் தண்ணீர் கேட்டார், என்னைப் பார்க்காமல், பொதுவாக. நான் அசையவில்லை. என் கணவர் எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரங்களை உருட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அப்பா எந்தத் தம்ளரில் குடிப்பார் என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் நான்தான் போய் எடுத்துக் கொடுத்தேன்.